வெயிலில் எரியும் அடுப்பு

விடுமுறை நாளொன்றில் நண்பர்களுடன் பிளவக்கல்லுக்குச் சென்று கூட்டாஞ்சோறு ஆக்கிச் சாப்பிடத் திட்டமிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அரிசி, பருப்பு, பாத்திரம் எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. எதைக் கொண்டு அடுப்பு எரிப்பீர்கள்?

மூன்று கல்லைக் கூட்டிச் சுள்ளிகளைப் பொறுக்கி எரித்தால் ஆயிற்று என்று நம் தாத்தாக்கள் சொல்லியிருப்பார்கள். இன்று அது கூடாது. பெரியாறு, கோவிலாறு அணைகளுக்கு மேலே தொடங்கும் காடு, சாம்பல் நிற அணிலுக்குப் புகலிடமாகவும், 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாகவும் விளங்குவது. காப்புக்காட்டில் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம். கோடையில் காய்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தால் என்னவாகும் என்பதைச் சட்டம் சொல்லித்தான் அறிய வேண்டுமென்பதில்லை. ஆகவே மலையடிவாரத்துத் தோப்பு ஒன்றில், உரியவர் இசைவுடன்தான் உங்கள் சமையல்.

அங்கும் விறகு சிக்கனமான எரிபொருள் அன்று. இரண்டு லிட்டர் நீரை 30 டிகிரி சென்டிகிரேடிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 140 கிலோ கலோரி வெப்பம் போதும். ஒரு கிலோ உலர்ந்த விறகு ஏறத்தாழ 3,500 கிலோ கலோரி தரும். ஆனால் திறந்தவெளியில் மூன்று கல் அடுப்பு அதில் பத்தில் ஒரு பங்கையே பாத்திரத்தில் சேர்க்கிறது. மிச்சத்தைக் காற்று கொண்டுபோகிறது. எனவே அந்த இரண்டு லிட்டருக்கு 400 கிராம் விறகு வேண்டும். நல்ல மண்ணெண்ணெய் அடுப்புக்கோ 30 கிராம் எண்ணெய் போதும்.

இரண்டும் வேண்டாம், தலைக்கு மேலே காயும் வெயிலே போதும் என்று இந்நாட்டில் ஒரு காலத்தில் பெரிய நம்பிக்கை பிறந்தது. அந்த நம்பிக்கைக்கும் பிளவக்கல்லுக்கும் ஓர் உறவு உண்டு.

அணையிலிருந்து இறங்கி வரும் சாலை வத்திராயிருப்பை அடைகிறது. சர் கே. எஸ். கிருஷ்ணன் 1898-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் பிறந்த ஊர் இதுதான். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மதுரையிலும் சென்னையிலும் கற்றுக் கல்கத்தா சென்ற இவர், 1928-இல் இராமன் விளைவைக் கண்டறிந்த ஆய்வில் சி. வி. இராமனுடன் தோளோடு தோள் நின்றவர். விடுதலைக்குப் பின் புது தில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் உருவானபோது அதன் முதல் இயக்குநரும் இவரே. 1950 சனவரியில் திறக்கப்பட்ட அந்த ஆய்வுக்கூடத்தில் சில ஆண்டுகளிலேயே ஒரு சூரிய அடுப்பு உருவாயிற்று. அதை வடிவமைத்தவர் அங்கு பணியாற்றிய எம். எல். கய்.

வெயிலில் சமைப்பது அப்போது புதிய எண்ணம் அன்று. 1767-இல் சுவிட்சர்லாந்தின் சோஸூர் கண்ணாடிப் பெட்டிகளை ஒன்றினுள் ஒன்றாக அடுக்கி வெயிலில் வைத்து, உள்ளே வெப்பம் நீரின் கொதிநிலையை நெருங்குவதைக் கண்டார். 1830-களில் வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷல் நன்னம்பிக்கை முனையில் வெயில் பெட்டியில் முட்டையும் இறைச்சியும் வேகவைத்தார். நமக்கு நெருக்கமான முன்னோடி பம்பாயில் வாழ்ந்த வில்லியம் ஆடம்ஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரி. வெயில் கொட்டிக் கிடக்கும் நாட்டில் விறகுக்கு இத்தனை பாடா என்பது அவர் கேள்வி. எட்டுக் கண்ணாடிகளைப் புனல் போல் கூட்டி, நடுவே கண்ணாடி மூடியிட்ட செப்புப் பாத்திரத்தை வைத்தார். ஏழு சிப்பாய்களுக்குரிய இறைச்சியும் காய்கறியும், பம்பாயில் குளிர் மிகுந்த சனவரி மாதத்தில், இரண்டு மணி நேரத்தில் வெந்தன. 1878-இல் இதைப் பற்றி நூலே வெளியிட்டார். ஆடம்ஸ் நினைத்தது வீட்டுச் சமையலறையை அன்று, வெட்டவெளியில் இருக்கும் படைவீரனை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தில்லி அடுப்பு வேறு வகை. பளபளக்கும் அலுமினியத் தகட்டாலான பரவளைய ஆடி, வெயிலைக் குவியத்தில் சேர்க்கும். பாத்திரம் அங்கே இருக்கும். ஆடியின் பரப்பு ஒரு சதுர மீட்டர் என்று கொள்வோம். தெளிந்த நண்பகலில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 12 கிலோ கலோரி அதன்மேல் விழுகிறது. பாதி வீணானாலும் நாம் முன்பு கணக்கிட்ட இரண்டு லிட்டர் நீர் 25 நிமிடத்தில் கொதித்துவிடும். அடுப்புக் கரி இல்லை, புகை இல்லை, எண்ணெய்ச் செலவும் இல்லை. கடைக்கும் வந்தது. எனினும் மக்கள் வாங்கவில்லை.

ஏன்? விலை முதற் காரணம். விறகைக் காசு கொடுத்து வாங்காத குடும்பம் அடுப்பை ஏன் காசு கொடுத்து வாங்கும்? அடுத்தது நேரம். நம் ஊரில் வயலுக்குப் போகிறவள் விடியுமுன் கஞ்சி காய்ச்சுகிறாள். திரும்பி வந்து இரவுச் சோறு வடிக்கிறாள். இரு வேளையும் சூரியன் இல்லை. மூன்றாவது, சூரியன் நான்கு நிமிடத்திற்கு ஒரு டிகிரி வீதம் வானில் நகர்கிறான். ஆடியை அடிக்கடி திருப்பாவிட்டால் குவியம் பாத்திரத்தை விட்டு விலகிவிடும். உச்சி வெயிலில், கண்ணைக் கூச வைக்கும் ஒளியருகே நின்று குழம்பைக் கிண்ட வேண்டும். மேகம் மறைத்தாலோ அடுப்பு அணைந்தது போலத்தான். மேகத்தின் ஊடே வரும் ஒளி எல்லாத் திசையிலிருந்தும் சிதறி வருவதால் எந்த ஆடியாலும் அதைக் குவிக்க இயலாது.

இவற்றைச் சொல்லிப் பலர் அந்த அடுப்பை நகைத்தனர். என் கருத்தில் அது முழு நியாயம் அன்று. அடுப்பில் பிழை இல்லை. அதைச் சமையலறை அடுப்போடு போட்டிக்கு நிறுத்தியதுதான் பிழை. மேலே கூறிய குறைகளை மறுபடி பாருங்கள். பகலில் மட்டும் எரியும், வெட்டவெளியில் மட்டும் எரியும், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். பிளவக்கல்லுக்கு வந்திருக்கும் உங்களுக்கு இவற்றில் எது குறை? நீங்கள் சமைப்பது நண்பகலில், திறந்தவெளியில். ஆடியைத் திருப்பப் பத்துப் பேர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். இவ்வூர் 9.6 டிகிரி வடக்கு அட்சத்தில் இருப்பதால், சூரியன் மிகத் தாழ்ந்து செல்லும் டிசம்பர் 22-ஆம் நாளிலும் நண்பகலில் 57 டிகிரி உயரத்தில் நிற்கிறான்.

மேகம் என்ற ஒரு குறை மட்டும் எஞ்சுகிறது. அதற்கு மருந்து இரண்டாவது அடுப்பு.

வெளியில் சமைப்பவனுக்கு ஓர் அடுப்பு போதாது என்பதை வரலாறு கடுமையாகவே காட்டியிருக்கிறது. 1892-இல் ஸ்வீடனின் லிண்ட்குவிஸ்ட் உருவாக்கிய பிரைமஸ் அடுப்பு நமக்குப் பழகிய பம்ப் ஸ்டவ்தான். பம்பு அடித்தால் மண்ணெண்ணெய் மேலேறி, சுட்ட பர்னரில் ஆவியாகி, நிப்பிள் வழியே சீறி வந்து, காற்றுடன் கலந்து நீலச் சுடராக எரியும். தென் துருவப் பயணிகள் இதையே நம்பினர். 1912-இல் ஸ்காட் குழுவினர் துருவத்திலிருந்து திரும்பும் வழியில், கிடங்குகளில் வைத்திருந்த தகரங்களில் எண்ணெய் குறைந்திருப்பதைக் கண்டனர். மூடியிலிருந்த தோல் வாஷர் வழியே அது ஆவியாகிப் போயிருந்தது. எண்ணெய் இல்லையேல் பனியை உருக்கிக் குடிநீர் எடுக்கவும் வழியில்லை. அடுத்த பெரிய கிடங்குக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் அவர்களில் எஞ்சியிருந்தவர்கள் மடிந்தனர். போட்டியாளரான அமுண்ட்சென் தம் தகரங்களை ஈயம் வைத்து அடைத்திருந்தார். 1952 மே மாதத்தில் நம் டார்ஜீலிங் டென்சிங்கும் சுவிஸ் வீரர் லாம்பெர்ட்டும் எவரெஸ்டில் ஏறத்தாழ 8,400 மீட்டர் உயரத்தில் அடுப்பே இல்லாமல் ஓர் இரவைக் கழித்தனர். மெழுகுவர்த்திச் சுடரில் பனியை உருக்கி நாவை நனைத்தார்கள்.

உங்கள் இரண்டாவது அடுப்பு எது? பம்ப் ஸ்டவ் என்றால் ஸ்டவ் பின்னை மறவாதீர்கள். கரி அடைத்த நிப்பிளை அதுதான் திறக்கும். பம்பின் தோல் வாஷர் காய்ந்திருந்தால் ஒரு சொட்டு எண்ணெய் விடவும். சிறிய எரிவாயு உருளை எளியது. பனிமலைகளில் பியூட்டேன் வாயு சுழியத்திற்குச் சற்றுக் கீழேயே ஆவியாக மறுக்கும். நம் அடிவாரத்தில் அத்தொல்லை இல்லை. மடித்துப் பையில் வைக்க ஹெக்ஸமின் மாத்திரை ஏற்றது. 1859-இல் ரஷ்ய வேதியியலார் பட்லரோவ் கண்ட இப்பொருளை, 1936-இல் ஜெர்மனியில் ஷூம் மாத்திரையாக்கி எரிபொருளாக்கினார். கசியாது, சாம்பல் விடாது. ஆனால் அதன் புகை நஞ்சு, மூடிய கூடாரத்தில் கூடவே கூடாது. ஸ்பிரிட் அடுப்பும் நன்றே. அதன் சுடர் பகலில் கண்ணுக்குத் தெரியாது என்பதால், எரியும் அடுப்பில் ஸ்பிரிட் ஊற்றிக் கையைச் சுட்டுக்கொள்வோர் உண்டு.

தில்லி அடுப்பைத் தோற்கடித்த குறைகளை வேறு வழியில் தீர்க்கவும் முயற்சி நடக்கிறது. 2022-இல் இந்தியன் ஆயில் வெளியிட்ட சூரிய நூதன் அடுப்பு சமையலறைக்குள்ளேயே இருக்கிறது. கூரையிலுள்ள தகடு வெயிலை மின்சாரமாக்கிக் கம்பி வழியே அனுப்புகிறது. வெப்பத்தைச் சேமித்து வைத்து இரவிலும் சமைக்கலாம். தோப்பில் சமைக்கும் உங்களுக்கோ பழைய ஆடியே போதும். முற்பகல் பத்து மணிக்கு ஆடியை நிழல் விழாத இடத்தில் நிறுத்திப் பருப்பை ஏற்றிவிடுங்கள். பிளவக்கல்லுக்கு மேற்கே மலை நிற்பதால், சமவெளியைவிட இங்கே சூரியன் முந்தியே மறைந்துவிடும். மாலைத் தேநீரை இரண்டாவது அடுப்பில்தான் போட வேண்டியிருக்கும்.