ஈஸ்ட் செல்லைப் பல வருஷம் மாறாமல் வைத்திருப்பது எப்படி?

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கீங்களா? 1997-ல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் கொண்டுவந்த 'ஷான்வாக்-பி' ஈஸ்ட் செல்லில் தயாரானது. இப்படிப்பட்ட மருந்தில் இன்றைய பேட்சும் பத்து வருஷம் கழித்து வரும் பேட்சும் ஒரே மாதிரி இருக்கணும்னா, தொடங்கும் செல்லும் மாறாமல் இருக்கணும்.

ஃபிரிட்ஜ் போதாதா?

சில வாரத்துக்குப் போதும். அதற்கு மேல் போனால் புதுத் தட்டுக்கு மாற்றி மாற்றி வளர்க்க வேண்டிவரும். ரொட்டி ஈஸ்ட் நல்ல சத்து கிடைத்தால் சுமார் 90 நிமிடத்தில் இரட்டிப்பாகும். எத்தனை முறை பிரிகிறதோ, டிஎன்ஏவில் பிழை சேரவும் அத்தனை வாய்ப்பு.

அப்படியே உறைய வைத்தால்?

செல்லில் உள்ள தண்ணீர் பனிப்படிகமாகி சவ்வைக் கிழித்துவிடும். அதைத் தடுக்கத்தான் கிளிசரால். 15 முதல் 25 சதவீதம் கலந்து மைனஸ் 80 டிகிரியில் வைத்தால் பல ஆண்டுகள் தாங்கும். தேவைப்படும்போது குழாயை முழுசா உருக்கக் கூடாது. மேற்பரப்பைச் சுரண்டி எடுத்தால் போதும். இன்னும் நீண்ட காலத்துக்கு மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன், அல்லது உறைய வைத்து உலர்த்தும் முறை.

எல்லா ஆய்வுக்கும் இதே முறையா?

இல்லை. இங்கதான் குழப்பம் வரும். கிளிசரால் செல்லை உயிரோடு வைக்கும். ஆனால் மாதிரி எடுத்த நொடியில் செல் என்ன செய்துகொண்டிருந்தது என்பதைப் பதிவு செய்யாது. சூடு, சத்து மாறினால் ஈஸ்ட்டின் ஜீன் செயல்பாடு சில நிமிடங்களில் மாறிவிடும். அதனால் ஆர்என்ஏ ஆய்வுக்கு, மாதிரி எடுத்த கையோடு திரவ நைட்ரஜனில் உறைய வைக்கிறார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்க்க ஃபார்மால்டிஹைடு; ஒரு செல்லில் எவ்வளவு டிஎன்ஏ இருக்கு என்று அளக்க 70 சதவீத எத்தனால். இந்த இரண்டிலும் செல் செத்துவிடும், ஆனால் அதன் நிலை அப்படியே நிற்கும்.

இந்தியாவில் எங்கே சேமிக்கிறார்கள்?

சண்டிகரில் 1986-ல் தொடங்கிய எம்டிசிசி நுண்ணுயிர் வங்கியிலும், புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் என்சிஐஎம் தொகுப்பிலும் ஈஸ்ட் வகைகள் உள்ளன. காப்புரிமைக்கான நுண்ணுயிர்களை ஏற்கும் சர்வதேச அங்கீகாரம் எம்டிசிசிக்கு 2002-ல் கிடைத்தது.

நீங்க ஆய்வகத்தில் வேலை செய்பவரா? குழாயை எடுக்கும் முன் ஒரே கேள்வி: இந்த செல் மறுபடி வளரணுமா, இந்த நொடியில் அப்படியே நிற்கணுமா? பதிலைப் பொறுத்துத்தான் முறை. இதில் தவறினால், கடைசியில் நீங்க அளப்பது உங்க சோதனையின் விளைவை அல்ல, சேமித்த விதத்தின் விளைவை.