அருங்காட்சியகவியல் பல்கலைக்கழகப் பாடமான வரலாறு: பரோடாவை முன்வைத்து ஒரு நோக்கு

அருங்காட்சியகங்கள் தோன்றிப் பல்லாண்டுகள் கழிந்த பின்னரே அவற்றை நடத்துவோர்க்குரிய கல்வி தோன்றியது. இந்தியாவில் இவ்விடைவெளி மிக நீண்டது. சென்னை அரசு அருங்காட்சியகம் 1851இல் தொடங்கப்பெற்றது. அருங்காட்சியகவியல் என்னும் துறை இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம்பெற்றதோ 1952இல். இடைப்பட்ட நூறாண்டுக் காலத்தில் அரும்பொருள்களைக் காத்தவர்கள் யாவர், அவர்கள் எங்குப் பயின்றார்கள் என்னும் வினா இக்கட்டுரைக்கு அடிப்படையாகிறது. தமிழ் கற்பிப்போராகிய நமக்கும் இவ்வினாவில் ஒரு பங்கு உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

மேலைநாடுகளில் இக்கல்வி ஒரே வழியில் வளரவில்லை. பாரிசில் 1882இல் நிறுவப்பெற்ற லூவர் கல்விக்கூடம் கலை வரலாற்றை மையமாகக் கொண்டது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பால் சாக்ஸ் 1920களின் தொடக்கத்தில் நடத்தத் தொடங்கிய வகுப்பு, ஓவியங்களையும் சிற்பங்களையும் மாணவர் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் செய்தது. அமெரிக்கக் கலைக்கூடங்களின் தலைவர்கள் பலர் அவ்வகுப்பிலிருந்து வந்தவர்கள். இங்கிலாந்தில் லெஸ்டர் பல்கலைக்கழகம் இதற்கெனத் தனித்துறை கண்டது 1966இல்தான். பரோடா அதற்குப் பதினான்கு ஆண்டுகள் முந்தியது என்பது ஈண்டுக் குறிக்கத்தக்கது. காலனிய நாடுகள் எல்லாவற்றையும் தாய்நாட்டிடமிருந்து கடன் பெற்றன என்னும் பொதுக் கருத்து இவ்விடத்தில் பொருந்தவில்லை.

1952க்கு முன் இந்தியாவில் இருந்த நிலையை உணர்வதற்குச் சென்னையே தக்க சான்று. 1920 முதல் 1940 வரை அங்குக் கண்காணிப்பாளராக விளங்கிய எப். எச். கிரேவ்லி விலங்கியல் அறிஞர். சிலந்திகளையும் வண்டுகளையும் ஆராய்ந்தவர். எனினும், தென்னிந்தியச் செப்புத் திருமேனிகளின் விளக்கப் பட்டியலை டி. என். இராமச்சந்திரனுடன் இணைந்து 1932இல் வெளியிட்டவரும் அவரே. சிலந்தியின் கால்களை எண்ணிப் பழகிய கண் திருமேனியின் முத்திரைகளையும் அணிகலன்களையும் அதே பொறுமையுடன் எண்ணியது. இதனைக் குறையாகக் கூறுவார் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. வகைப்படுத்தும் ஒழுங்கை அறிவியலாளர் அருங்காட்சியகத்திற்குக் கொண்டு வந்தனர். கோயிலுக்கும் திருமேனிக்கும் உள்ள உறவை அவர்கள் தம் பணியின் போக்கிலேயே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அதே சென்னையில் 1930இல் அமைந்த வேதியியல் பாதுகாப்புக் கூடம் இந்தியாவில் இத்தகையவற்றுள் முன்னோடி. அங்குப் பணியாற்றிய எஸ். பரமசிவன் களிம்பேறிய செப்புத் திருமேனிகளை மின்பகுப்பு முறையால் மீட்டெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் சுவரோவியங்களின் ஆக்க முறையையும் ஆராய்ந்தார். அவர் கற்றது வேதியியல். அரும்பொருட் பாதுகாப்பு என்னும் பாடம் அன்று எந்த இந்தியப் பல்கலைக்கழகத்திலும் இல்லை. அவர் பணிமேசையே அப்பாடத்தின் வகுப்பறை என்று கூறலாம்.

இத்தகைய தனிமனித முயற்சிகளை நம்பியே ஒரு பெருநாட்டின் அரும்பொருள்கள் இருந்தன. 1936இல் மார்க்கம், ஹார்கிரீவ்ஸ் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வறிக்கை இந்தியாவில் 105 அருங்காட்சியகங்களைக் கணக்கிட்டது. நாட்டின் பரப்பையும் மக்கள்தொகையையும் நோக்க இவ்வெண்ணிக்கை மிகச் சிறிது. இருந்தவற்றுள்ளும் பல, வேறு பணியில் இருந்தோரின் ஓய்வுநேரப் பொறுப்பில் இருந்தன. 1944இல் இந்திய அருங்காட்சியகச் சங்கம் தோன்றியபோது பயிற்சி பெற்ற பணியாளர் என்னும் கோரிக்கை ஓர் அமைப்பின் குரலாயிற்று.

இப்பின்னணியில் பரோடாவைக் காண வேண்டும். மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் நிறுவிய அருங்காட்சியகத்தின் கட்டடம் 1894இல் நிறைவுற்றது. அதனை வடிவமைத்த ராபர்ட் பெல்லோஸ் சிசம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லத்தையும் வடிவமைத்தவர். சென்னையில் பயின்றோர் பரோடா அருங்காட்சியகத்தின் முன் நின்றால் எங்கோ கண்ட உறவினர் முகம் போலத் தோன்றும். அடுத்துள்ள ஓவியக்கூடம் 1914இல் கட்டி முடிக்கப்பெற்றும், முதல் உலகப்போரால் ஐரோப்பாவிலிருந்து ஓவியங்கள் வரத் தாமதமாயிற்று, 1921இல்தான் திறக்கப்பெற்றது.

அதன் இயக்குநராக 1943 முதல் பணியாற்றிய ஹெர்மன் கோயட்ஸ் செர்மானியர். நாசி ஆட்சியை வெறுத்து நாட்டை விட்டு நீங்கியவர். 1936இல் இந்தியாவுக்கு வந்தார். போர்க்காலத்தில் அவர் செர்மானியர் என்னும் ஒரே காரணத்தால் பகைநாட்டாராகக் கருதப்பெற்றுச் சிலகாலம் காவலில் வைக்கப்பெற்றமை வரலாற்றின் முரண். பரோடாவில் அவர் செய்த முதற்பணிகளுள் ஒன்று அருங்காட்சியகத்திற்கென ஆய்விதழ் ஒன்றைத் தொடங்கியது. ஆய்வு செய்யாத அருங்காட்சியகம் பண்டகசாலையாகிவிடும் என்பதை அவர் செயலால் உணர்த்தினார் எனலாம்.

1949இல் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகம் தோன்றியது. அதன் துணைவேந்தர் ஹன்சா மேத்தா 1958 வரை அப்பொறுப்பில் இருந்தார். அக்காலத்தில் இந்தியப் பெண்மணி ஒருவர் துணைவேந்தராவது அரிது. ஓவியம், சிற்பம் முதலியவற்றைப் பட்டப்படிப்புகளாகப் பல்கலைக்கழகத்திற்குள் கொணர்ந்த நுண்கலைப் புலம் 1950இல் அங்கு அமைந்தது. இரண்டாண்டுகளில் அருங்காட்சியகவியல் துறை உருவாயிற்று. கைவினையையும் தொழிலையும் பல்கலைக்கழகக் கல்வியாக ஏற்கும் மனநிலை அங்கு முன்னரே கனிந்திருந்தது என்பதை இவ்வரிசை காட்டுகிறது.

துறை தொடங்குவதற்கு முந்தைய ஆண்டு, 1951இல், பரோடாவை அடுத்த அகோட்டாவில் அறுபதுக்கும் மேற்பட்ட சமண வெண்கலப் படிமங்கள் கிடைத்தன. யு. பி. ஷா அவற்றை ஆராய்ந்து 1959இல் நூல் வெளியிட்டார். மண்ணிலிருந்து எடுக்கப்பெற்ற ஒரு படிமத்தைத் தூய்மை செய்தல், எழுத்துப் பொறிப்பைப் படித்தல், காலம் கணித்தல், பதிவேட்டில் ஏற்றல், காட்சிக்கு வைத்தல் ஆகிய யாவும் ஒருங்கே தேவைப்பட்ட தருணம் அது. அதே அருங்காட்சியகத்தில் ஐரோப்பிய எண்ணெய் ஓவியங்களும் எகிப்தியப் பிணப்பேழையும் 1944இல் மாகி ஆற்று முகத்தில் ஒதுங்கிய நீலத்திமிங்கிலத்தின் எலும்புக்கூடும் இருந்தன. வெண்கலத்திற்கு ஈரம் பகை; ஓவியத்திற்கு ஒளி பகை; எலும்புக்குப் பூச்சி பகை. ஒரே வளாகத்தில் இவ்வளவு வேறுபட்ட பொருள்களைக் கண்டு கற்கும் வாய்ப்பு வேறெங்கும் எளிதில் வாய்த்திராது.

கோயட்ஸ் விரைவிலேயே தில்லி சென்று, 1954இல் திறக்கப்பெற்ற தேசிய நவீனக் கலைக்கூடத்தின் முதற் காப்பாட்சியரானார். அவர் இட்ட வித்து நிலைத்தது. கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1959இல் தனித்துறை கண்டது. தில்லியில் தேசிய அருங்காட்சியக நிறுவனம் 1989இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றுக் கலை வரலாறு, பாதுகாப்பு, அருங்காட்சியகவியல் ஆகிய மூன்றிலும் பட்டங்கள் வழங்கத் தொடங்கியது.

பரோடாவின் பங்களிப்பு பணியாளரை உருவாக்கியதோடு நின்றுவிடவில்லை. அங்குப் பேராசிரியராக இருந்த வி. எச். பெதேகர் இத்துறைக்குக் கொள்கை உண்டா என்னும் வினாவை எழுப்பியோருள் ஒருவர். செக்கோசுலோவாக்கியாவின் பிர்னோவில் 1963 முதல் ஸ்ட்ரான்ஸ்கி எழுப்பிய அதே வினாவிற்கு இந்தியச் சூழலில் விடை காண பெதேகர் முயன்றார். 1995இல் வெளிவந்த அவருடைய நூல் இந்தியாவுக்குரிய புதிய அருங்காட்சியகவியலைப் பற்றியது. நம் நோக்கில் அவர் தொட்ட இடம் முதன்மையானது. வழிபாட்டில் உள்ள பொருளும் காட்சிப்பேழையில் உள்ள பொருளும் ஒன்றாகா என்னும் சிக்கலை மேலைக் கொள்கை மட்டும் தீர்த்துவிடாது.

ஆயினும் இக்கல்வி மரபில் ஒரு வெற்றிடம் உண்டு. பதிவேடு, பாதுகாப்பு, காட்சியமைப்பு, நிருவாகம், பார்வையாளர் கல்வி ஆகியவை அருங்காட்சியகவியல் பாடத்திட்டங்களின் பொதுக் கூறுகள். பொருளின் மேல் உள்ள மொழியைப் படிக்கும் திறனை மாணவர் வேறெங்கிருந்தோ கொண்டு வர வேண்டும் என்றே இப்பாடத்திட்டங்கள் பெரும்பாலும் எதிர்பார்க்கின்றன. மொழித்துறைகளோ, பொருளைக் கையாளும் பயிற்சியை எண்ணிப் பார்த்ததே இல்லை. நியூசிலாந்தில் வில்லியம் கொலென்சோ கண்ட தமிழ் எழுத்துடைய வெண்கலக் கப்பல் மணியை மாவோரி மக்கள் கிழங்கு வேகவைக்கும் பாத்திரமாகக் கொண்டிருந்தனர். அதனை அவர்கள் பேணினர் என்பதே நமக்கு வாய்த்த பேறு. இன்று அது வெலிங்டன் தே பாப்பா அருங்காட்சியகத்தில் உள்ளது. மணியைக் காத்தல் ஒரு திறன். அது கூறுவதைப் படித்தல் வேறொரு திறன். சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களுடன் ஓர் அருங்காட்சியகத்திற்குச் சென்றபோது, தமிழ் எழுத்துப் பொறித்த செப்பேடு ஒன்று தலைகீழாக வைக்கப்பெற்றிருந்ததைக் கண்டோம். கண்ணாடியும் விளக்கும் குறையற்றிருந்தன. முதலாண்டு மாணவி ஒருவரே அதனை முதலில் கண்டறிந்தார். காவலரிடம் எவ்வாறு கூறுவது என அறியாமல் எம்மிடம் வந்தார்.

இவ்வட்டாரத்திலும் தொடக்கம் நன்றாகவே இருந்தது. சிங்கப்பூரில் 1949இல் தோன்றிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1955இல் கலைக்கூடம் அமைந்தது. மைக்கேல் சல்லிவன் அதன் காப்பாட்சியராகவும் கலை வரலாற்று விரிவுரையாளராகவும் இருந்தார். பொருளும் பாடமும் ஒருவர் பொறுப்பில் இருந்த காலம் அது. பல்கலைக்கழகம் 1962இல் இரண்டானபோது சேகரிப்பும் இரண்டாகப் பகுக்கப்பெற்றது. பூஜாங் பள்ளத்தாக்கில் 1936 முதல் குவாரிட்ச் வேல்ஸ் அகழ்ந்தார். 1959, 1960 ஆண்டுகளில் அலஸ்டர் லாம் புக்கிட் பத்து பகாட் சண்டியை மீட்டமைத்தார். 2005இல் மலேசியாவில் தேசிய மரபுச் சட்டம் நிறைவேறியது. அதற்கு எட்டாண்டுகள் கழித்து, 2013இல், அதே பள்ளத்தாக்கின் பதினொன்றாம் எண் சண்டி நிலமேம்பாட்டுப் பணியில் இடிக்கப்பெற்றமை வெளிவந்தது. அவ்விடம் அச்சட்டத்தின்கீழ் அரசிதழில் பதிவு பெற்றிருக்கவில்லை.

சட்டம் ஓர் இடத்தைக் காப்பதற்கு முன் எவரேனும் அதனை அளந்து, விவரித்து, அதன் சிறப்பை எழுதி விண்ணப்பிக்க வேண்டும். அவ்விவரிப்பை எழுதக் கூடியவர் யார்? இந்திய ஆய்வியல் துறைகளில் கல்வெட்டும் கோயிற்கலையும் கற்றுத் தேர்ந்தவர்கள் பெரும்பாலும் பள்ளிகளுக்குச் செல்கின்றனர். அருங்காட்சியகப் பணிக்கு விண்ணப்பிப்போர் அரியர். பணி விளம்பரங்கள் கேட்கும் தகுதிகளுள் தமிழ் இடம்பெறாமை ஒரு காரணம். நம் பாடத்திட்டத்தில் ஒரு பருவமேனும் அருங்காட்சியகத்தில் பணிபுரியும் ஏற்பாடு இல்லாமை மற்றொன்று. முதலாவதை நாம் மாற்ற இயலாது. இரண்டாவதற்கு வேண்டுவன ஓர் ஒப்பந்தம், ஓர் ஆசிரியர், பதிவேட்டறையில் ஒரு மேசை.