சுண்டிக்குளம்: இளவேனிற் பறவைகளின் வரலாறு

சுண்டிக்குளம் தேசியப் பூங்கா, இலங்கையின் வடக்கே ஆனையிறவுக்குக் கிழக்கில் கிடக்கும் கடல்நீரேரியையும் அதைச் சூழ்ந்த சதுப்பு, மணல்மேடு, பற்றைக்காடுகளையும் அடக்கியது. பரப்பு 19,565 ஹெக்டேர். பறவைகளின் பெருங்கூட்டம் பார்க்க வேண்டுமென்றால் ஏ9 வீதியைப் பிடித்து ஆனையிறவு வரை வரத்தான் வேண்டும்.

பிரித்தானியப் பீரங்கிப்படை அதிகாரி வின்சன்ட் லெக் இலங்கைப் பறவைகளைப் பற்றிய பெருநூலை 1880இல் முடித்தார். இங்குள்ள பறவைகளுக்குச் சட்டப் பாதுகாப்பு வர இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1937இன் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தை அடுத்து, 1938 பெப்ரவரி 25 அன்று சுண்டிக்குளம் சரணாலயமானது.

இந்த நீரேரியின் கதையைத் தீர்மானிப்பது உப்பு. மாரியில் கனகராயன் ஆறு நன்னீர் கொண்டுவரும். மாசி கழிந்ததும் வெயில் அதை உறிஞ்ச, நீர் ஆழம் குறைந்து கரிக்கத் தொடங்கும். 1954இல் நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் இந்த நீரேரியை நன்னீர்த் தேக்கமாக்கி யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தண்ணீர் கொண்டுசெல்லத் திட்டம் வரைந்தார். வேலைகள் அரைகுறையாக நின்றன. கிணறு உவரான கமக்காரருக்கு அது இழப்புத்தான். ஆனால், தலையைக் கவிழ்த்து, அலகால் உவர்நீரை வடித்து நுண்ணுயிர் தின்னும் பூநாரைக்கு அந்த உப்புத்தான் சோறு.

பங்குனி, சித்திரையில் பார்க்க வேண்டியது எண்ணிக்கையை அல்ல, நிறத்தை. வளைமூக்கு உள்ளான் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் பறவை. மாரி முழுக்கச் சாம்பலும் வெள்ளையுமாகச் சேற்றைக் குத்திக்கொண்டிருக்கும். சித்திரை பிறக்கையில் அதன் நெஞ்சிலும் வயிற்றிலும் செங்கல் நிறம் திட்டுத்திட்டாக ஏறும். ஒன்று பாதி சிவந்திருக்கும், பக்கத்தில் நிற்பது இன்னும் வெளிறியே இருக்கும். கொழுப்பு ஏற்றிக்கொண்டு இவை புறப்படுவது சைபீரியத் துருவச் சமவெளிக்கு. கூடு கட்டுவது அங்கேதான். ஊசிவால் வாத்துகள் இதற்கு முன்பே கிளம்பிவிடும்.

உள்நாட்டுப் போர்க்காலத்தில் இந்தக் கரை போர்முனையானது. 1991, 2000, 2009 என மூன்று தடவை ஆனையிறவில் பெருஞ்சமர் நடந்தது. பறவைகள் வந்து போயின; தொடர்ந்து எண்ணத்தான் ஆள் இல்லை. போர் முடிந்தும் கண்ணிவெடி அகற்றல் பல்லாண்டு நீண்டது. 2015 ஜூன் 22 அன்று சரணாலயம் தேசியப் பூங்காவாகத் தரமுயர்ந்தது.

1987இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் ஜனவரியில் நடப்பது. மாரி விருந்தாளிகளை எண்ண அது சரியான மாதம். இளவேனில் மாற்றம் அதில் சிக்காது. இங்கேயே குஞ்சு பொரிப்பவற்றின் கூடுகளும் சிக்கா. அப்படியொரு உள்ளூர்க்காரன், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் சிறு உப்புக்கொத்தி. பல பத்தாண்டுகள் வேறோர் இனத்தின் கிளையாக எண்ணப்பட்ட இதை, மரபணு ஆய்வுக்குப் பின் 2023இல் தனியினமாக மீண்டும் ஏற்று, இராமர் அணைக் கதையை நினைத்து அனுமனின் பெயரைச் சூட்டினார்கள். வெறுந்தரையில் கிண்டிய சிறு குழியே அதன் கூடு. முட்டை மண்ணின் நிறம். ஆகவே, நீர் வற்றிய கரையில் உழவு இயந்திரம் ஓட்டுபவரும் மாடு சாய்ப்பவரும் மிதித்த பிறகே அதைக் கண்டுகொள்ளக்கூடும்.