திமிங்கலச் சுறாவைக் காத்தவர்கள் யார்?

ஓசூர் நெடுஞ்சாலையில் எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டியதும் வரும் ஹெப்பகோடி, கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். எந்தத் திசையில் கிளம்பினாலும் கடலைப் பார்க்க அரை நாளாவது சாலையில் போக வேண்டும். ஆனாலும் இந்த வட்டாரத்து அலுவலகங்களிலும் ஆலைகளிலும் வேலை பார்க்கும் தலைமுறைக்குக் கடலின் அடித்தளம் இன்று எட்டாத இடமில்லை. இரவு பஸ் ஏறினால் காலையில் முருடேஸ்வர். அங்கிருந்து படகில் 19 கிலோமீட்டர் போனால் நேத்ராணித் தீவு. பெங்களூரிலிருந்து லட்சத்தீவின் அகத்திக்கு 2024-இல் நேரடி விமானம் தொடங்கியது. மாலத்தீவோ சில மணி நேரப் பயணம். ஸ்கூபா டைவிங் கற்றுக்கொண்டவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு முறையாவது திமிங்கலச் சுறாவைப் பக்கத்தில் பார்த்துவிட வேண்டும் என்பது ஆசை. அதற்காக எந்த மாதம், எந்தத் தீவு, எவ்வளவு செலவு என்று விசாரிக்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. போய்ப் பார்ப்பதற்கு அந்த மீன் இன்னும் கடலில் இருக்கிறதே, அதற்கு யார் காரணம்? சட்டம் என்பார்கள் சிலர், சுற்றுலாப் பணம் என்பார்கள் சிலர். இரண்டிலும் உண்மை இல்லாமலில்லை. ஆனால் இந்தியாவின் மேற்குக் கடற்கரையில் நடந்ததை வரிசையாகப் பார்த்தால், அந்த மீனைக் காத்ததில் முதல் பங்கு வலையை இழக்கத் துணிந்த மீனவர்களுக்கே சேரும் என்பது தெளிவாகும்.

உலகின் மிகப் பெரிய மீனான இதை மனிதர்கள் நெடுங்காலம் பிணமாகத்தான் அறிந்திருந்தார்கள். 1828-இல் தென்னாப்பிரிக்காவின் டேபிள் விரிகுடாவில் ஈட்டியால் குத்திப் பிடிக்கப்பட்ட ஒரு மீனை வைத்துத்தான் ஆண்ட்ரூ ஸ்மித் என்ற மருத்துவர் இந்த இனத்தை அறிவியல் உலகுக்கு முதன்முதலில் விவரித்தார். அதன் தோல் ஆறு பவுண்டுக்கு விலைபோய்ப் பாரிஸ் அருங்காட்சியகத்துக்குச் சென்றது. 1883-இல் ஹேலி என்பவர் இலங்கையின் மேற்குக் கரையில் இது கிடைத்ததைப் பதிவு செய்தார். 1889-இல் சென்னைக் கரையில் ஒதுங்கிய மீனைப் பற்றி அன்றைய சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் எழுதினார். இவையெல்லாம் கரையேறிய உடல்களைப் பற்றிய குறிப்புகள். உயிருள்ள மீனை எதிர்கொண்டபோதும் மனிதரின் கை முதலில் ஆயுதத்துக்கே போயிற்று. 1947-இல் பசிபிக் கடலைக் கட்டுமரம் போன்ற மிதவையில் கடந்த கோன்-டிக்கி குழுவினர், தங்களைச் சுற்றிச் சுற்றி வந்த திமிங்கலச் சுறாவின் மேல் ஈட்டி பாய்ச்சினார்கள். மூன்றே ஆண்டுகளில், 1950-இல், ஹான்ஸ் ஹாஸ் என்ற டைவர் செங்கடலில் நீருக்குள் இறங்கி இதைப் படம்பிடித்தார். பார்ப்பதற்காகவே இந்த மீனிடம் போவது என்ற வழக்கம் அங்கிருந்துதான் வேர்விடுகிறது. அப்படிப் பார்த்தால் திமிங்கலச் சுறாவைத் தேடிப் போகும் டைவருக்கு முக்கால் நூற்றாண்டு வயதுதான். அதை வேட்டையாடியவருக்கு வயது பல மடங்கு அதிகம்.

அந்த வேட்டை இந்தியாவில் மிகப் பெரிதாக நடந்த இடம் குஜராத்தின் சௌராஷ்டிரக் கரை, குறிப்பாக வேராவல். டிசம்பர் முதல் மே வரை அங்குள்ள கடலில் மிதவையுயிர்கள் பெருகும். அவற்றை வடிகட்டி உண்ணத் திமிங்கலச் சுறாக்கள் கூடும். பல் இருந்தும் கடிக்காத, யாரையும் துரத்தாத, நீர்மட்டத்துக்கு அருகே மெதுவாக நீந்தும் மீன் என்பதால் அதை நெருங்குவது எளிது. சிறு படகில் மேலாகவே போய், கயிறு கட்டிய பெரிய இரும்புக் கொக்கியை உடலில் பாய்ச்சுவார்கள். கயிற்றின் மறுமுனையில் காலிப் பீப்பாய்கள் கட்டப்பட்டிருக்கும். மீன் ஆழத்துக்குப் போக முயலும்போதெல்லாம் பீப்பாய்கள் அதை மேலே இழுக்கும். மணிக்கணக்கில் இழுபட்டுக் களைத்தபின் துறைமுகத்துக்கு இழுத்து வருவார்கள். அங்கே பல டன் எடையுள்ள உடலிலிருந்து முதலில் எடுக்கப்பட்டது ஈரல். இந்தப் பீப்பாய்களை வைத்தே அந்த மீனுக்குக் குஜராத் கரையில் ‘பேரல்’ என்ற பெயர் நிலைத்தது. இந்தியக் கரைகளில் 1889 முதல் 1998 வரை பிடிபட்ட திமிங்கலச் சுறாக்களைத் தொகுத்த பி. பிரவீண், 2000-இல் ‘கரண்ட் சயன்ஸ்’ இதழில் தந்த எண்ணிக்கை 1,974. அதில் மிகப் பெரும் பகுதி குஜராத்துடையது; அதுவும் கடைசிச் சில ஆண்டுகளில் பிடிபட்டது.

இங்கேதான் முதல் எதிர்வாதம் எழும். கொன்றவர்களும் மீனவர்கள்தானே, அவர்களையே காத்தவர்கள் என்று சொல்வது எப்படிப் பொருந்தும்? எண்களுக்குப் பின்னால் இருக்கும் காரணத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். பழைய நாட்களில் இந்த மீனின் பயன் ஈரல் எண்ணெய் மட்டும். மரப்படகில் நீர் ஊறாமல் இருக்க அதைப் பூசினார்கள். மாலத்தீவிலும் இதே பழக்கம் இருந்தது. அந்தத் தேவைக்கு ஓர் அளவு உண்டு, ஊரில் எத்தனை படகோ அத்தனைக்குத்தான் எண்ணெய். 1990களில் நிலைமை மாறியது. தைவான் போன்ற இடங்களில் இதன் இறைச்சிக்கு நல்ல விலை கிடைத்தது. உறைய வைக்கும் ஆலைகளும் ஏற்றுமதியாளர்களும் துறைமுகத்தில் காத்திருந்தார்கள். கொக்கியை எறிந்தவர் மீனவர் என்றாலும் அந்த ஆட்டத்தை நடத்தியது தொலைதூரச் சந்தை. இந்த மீன் முதிர்ச்சி அடையவே ஏறத்தாழ இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் ஆகின்றன. 1995-இல் தைவான் அருகே பிடிபட்ட ஒரு பெண் மீனின் வயிற்றில் சுமார் 300 குட்டிகள் இருந்தன. இது குட்டி போடும் இனம் என்பதே அப்போதுதான் உறுதியானது. இத்தனை மெதுவாக வளரும் ஓர் இனத்தால் ஏற்றுமதிச் சந்தையின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. பழியைக் கரையில் நின்றவர் மேல் மட்டும் சுமத்துவது, கணக்கின் பெரும் பகுதியை விட்டுவிட்டுக் கூட்டுவதாகும்.

அடுத்த எதிர்வாதம் சட்டத்தைப் பற்றியது. மைக் பாண்டேயின் ‘ஷோர்ஸ் ஆஃப் சைலன்ஸ்’ என்ற ஆவணப்படம் 2000-இல் வேராவல் வேட்டையை உலகுக்குக் காட்டியது. 2001 மே மாதம் மத்திய அரசு திமிங்கலச் சுறாவை 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்தது. புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பை இந்தியாவில் முதன்முதலாகப் பெற்ற மீன் இதுதான். 2002-இல் சர்வதேச வணிகத்துக்கும் சைட்டீஸ் உடன்படிக்கை கட்டுப்பாடு விதித்தது. இவை இல்லாமல் ஏற்றுமதி நின்றிருக்காது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் சட்டத்தின் கை துறைமுகம் வரைதான் நீளும். கரையிலிருந்து பல மைல் தள்ளி, விடியுமுன் வலை இழுக்கும்போது உள்ளே திமிங்கலச் சுறா சிக்கியிருந்தால், அங்கே அதிகாரி யாரும் இல்லை. அந்த மீனை உயிரோடு விட வேண்டுமானால் வலையை அறுக்க வேண்டும். வலை என்பது ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பு, பெரும்பாலும் கடன் வாங்கிப் போட்ட முதல். சிறைத் தண்டனைக்குப் பயந்தவர் செத்த மீனைச் சத்தமில்லாமல் கடலில் தள்ளிவிட்டு வரலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. சட்டத்தால் விற்பனையைத் தடுக்க முடியும். அறுப்பதற்குக் கத்தியை எடுக்கச் சொல்ல அதனால் முடியாது.

அந்தக் கத்தியை எடுக்க வைத்தது 2004-இல் தொடங்கிய இயக்கம். இந்திய வன உயிர் அறக்கட்டளை, டாடா கெமிக்கல்ஸ், குஜராத் வனத்துறை ஆகியவை சேர்ந்து அதை நடத்தின. சௌராஷ்டிர மக்களிடம் பெரும் செல்வாக்குள்ள ராமாயணக் கதாகாலட்சேபக்காரர் மொராரி பாபு அதற்குக் குரல் கொடுத்தார். பிரசவத்துக்குப் பிறந்த வீடு வரும் மகளைப்போல இந்த மீன் நம் கரைக்கு வருகிறது, வந்த மகளைக் கொல்வார்களா என்பதே அவர் வைத்த வாதம். ‘பேரல்’ என்ற பெயர் போய், அன்புக்குரியவள் என்ற பொருளில் ‘வ்ஹாலி’ என்ற பெயர் வந்தது. துறைமுக ஊர்கள் அந்த மீனைத் தங்கள் சின்னமாக ஏற்றன. அந்த மீன்கள் குஜராத் கரையில்தான் குட்டி போடுகின்றன என்பதற்கு அறிவியல் சான்று போதாதே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, ஆனால் அந்த உவமையின் வேலை ஆய்வு முடிவைச் சொல்வதல்ல, உறவைச் சொல்வது. அந்த இயக்கம் பேச்சோடு நின்றுவிடவும் இல்லை. அறுத்த வலைக்கு வனத்துறை இழப்பீடு தந்தது. அதிகாரி வந்து பார்க்கும்வரை மீன் வலையிலேயே கிடந்து சாகாமல் இருக்க, நீர் புகாத கேமராக்கள் மீனவர் கையிலேயே கொடுக்கப்பட்டன. விடுவிப்பதை அவர்களே படமெடுத்துக் காட்டினால் போதும் என்றாயிற்று. 2018-க்குள் இப்படி விடுவிக்கப்பட்டவை 700-க்கும் மேல். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு படகுக்காரரின் முடிவு இருக்கிறது.

டைவர்கள் வழக்கமாக முன்வைக்கும் மூன்றாவது எதிர்வாதம் பணத்தைப் பற்றியது. செத்த மீன் ஒரு முறை விலைபோகும், உயிருள்ள மீன் ஆண்டாண்டுக்கும் வருமானம் தரும், எனவே சுற்றுலாவே சிறந்த காவல் என்பது அவர்கள் கருத்து. மாலத்தீவு இதற்குச் சாதகமான சான்று. அங்கே ஆண்டுக்குச் சில பத்து மீன்களை மட்டும் பிடித்த தொழில் 1993-இல் தடை செய்யப்பட்டது. சுற்றுலாவுக்கு அந்த மீன் தரக்கூடிய மதிப்பும் அந்த முடிவில் எடைபோடப்பட்டது. ஆனால் பிலிப்பைன்ஸின் ஓஸ்லோப் மறுபக்கத்தைக் காட்டுகிறது. அங்கே 2011 முதல் படகிலிருந்து சிற்றிறால் ஊட்டி மீன்களைப் பயணிகளின் முன் நிறுத்துகிறார்கள். வலசை போக வேண்டிய மீன்கள் தீனிக்காக அங்கேயே தங்குகின்றன, படகை நோக்கி வரப் பழகிவிடுகின்றன. பார்வையாளரின் பணம் காக்கவும் செய்யும், கெடுக்கவும் செய்யும் என்பதே இந்த இரண்டு இடங்களும் சொல்வது. சௌராஷ்டிரத்தை இந்த இரண்டோடும் சேர்க்க முடியாது. திமிங்கலச் சுறாவை அங்கே இழுக்கும் மிதவையுயிர்களே அந்தக் கடலைக் கலங்கலாக்குகின்றன. தெளிந்த நீர் வேண்டும் டைவர்கள் அங்கே கூட்டமாக வருவதில்லை. அதாவது, இந்தியாவில் மிக அதிகமாக மீன்களை விடுவித்த கரைக்கு அந்த மீனால் வரும் சுற்றுலா வருமானம் சொல்லும்படி இல்லை. சுற்றுலாப் பணம் இல்லாமலும் காவல் நடக்கும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை. வேராவல் பக்கம் செயற்கைக்கோள் கருவி பொருத்தி விடப்பட்ட ஒரு பெண் மீன் சோமாலியக் கடல் வரை நீந்திப் போனது. ஒரு கரையில் ஒருவர் இழந்த வலையின் பலனை வேறொரு நாட்டுக் கடலில் வேறொருவர் கண்ணால் அனுபவிக்கிறார்.

கடலைவிட்டு இவ்வளவு தள்ளி இருக்கும் ஹெப்பகோடிக்கு இதில் என்ன பங்கு என்று கேட்டால், அந்த ஊரின் தொழில் வரலாறே பதில் சொல்லும். இன்று அங்குள்ள மெட்ரோ நிலையத்தின் பெயரிலேயே இடம்பெற்றிருக்கும் பயோகான் நிறுவனம் 1978-இல் பெங்களூரில் ஒரு வாடகை வீட்டுக் கார் கொட்டகையில் தொடங்கியபோது, அதன் முதல் சரக்குகளில் ஒன்று பப்பாளிப் பாலிலிருந்து எடுத்த பப்பேன். இன்னொன்று மீன் நெட்டியிலிருந்து எடுத்து, பீரைத் தெளிய வைக்க வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்ட ஐசிங்கிளாஸ். அந்தத் தொழில் வளர்ந்துதான் ஹெப்பகோடியில் வேரூன்றியது. அந்த நெட்டிக்கும் திமிங்கலச் சுறாவுக்கும் தொடர்பில்லை, அதில் தவறும் இல்லை. ஆனால் மேட்டுநில நகரங்களின் வளர்ச்சியில் கரையின் உழைப்பு என்றும் கலந்திருக்கிறது, அது கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதை அது காட்டுகிறது. மீனைப் பார்க்கப் போகும் இன்றைய பயணியும் அதே கரைக்குத்தான் போகிறார். அந்த உழைப்பை மறந்துவிடாமல் போவதே அவர் செய்ய வேண்டியது.

அப்படிப் போனால் திட்டமே மாறும். தீனி போட்டு மீனைக் காட்டும் இடம் பட்டியலிலிருந்து முதலிலேயே நீங்கிவிடும். நேத்ராணியில் திமிங்கலச் சுறா எப்போதாவதுதான் தென்படும்; கட்டாயம் காட்டுகிறோம் என்று சொல்பவரை நம்ப வேண்டியதில்லை. மாலத்தீவின் தெற்கு அரி பவளத்தீவுப் பகுதியில் ஆண்டு முழுவதும் வாய்ப்பு உண்டு, அங்கே பெரும்பாலும் சிலிண்டர் இல்லாமல் நீர்மட்டத்தில் நீந்தியே பார்க்கிறார்கள். தொடக்கூடாது, வழியை மறிக்கக்கூடாது, ஃபிளாஷ் கூடாது, சில மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும். செவுள்களுக்குப் பின்னால் உள்ள புள்ளிகளைப் பக்கவாட்டில் தெளிவாகப் படமெடுத்தால் அது வெறும் நினைவுப்படமல்ல. விண்மீன்களை அடையாளம் காண உருவான கணினி முறையைக் கொண்டு ஆய்வாளர்கள் அந்தப் புள்ளிகளால் ஒவ்வொரு மீனையும் தனித்தனியே அடையாளம் காண்கிறார்கள். டைவ் முடித்தவுடன் விமானம் ஏறக்கூடாது என்பது பலருக்குத் தெரியும். முருடேஸ்வரிலிருந்து மலைப்பாதை ஏறி 900 மீட்டர் உயரத்துக்குத் திரும்புவதும் அதே வகை ஆபத்து என்பதால், ஒரு நாளாவது கரையில் தங்குவது நல்லது. அந்த ஒரு நாளைக் கரையின் மக்களுக்குக் கொடுங்கள். உள்ளூர்ப் படகை அமர்த்துங்கள், உள்ளூரில் தங்குங்கள், பருவத்தையும் நீரோட்டத்தையும் பற்றி மீனவரிடம் கேளுங்கள். திமிங்கலச் சுறா எங்கே, எப்போது வரும் என்பதை அவர்கள் வேட்டைக் காலத்திலேயே அறிந்திருந்தார்கள். அதே அறிவைக் கொண்டுதான் பின்னர் அதைக் காத்தார்கள். அவர்களுக்கு வருமானமும் மரியாதையும் சேராத எந்தத் திட்டமும், எவ்வளவு அழகான படங்களைத் தந்தாலும், அந்த மீனின் அடுத்த தலைமுறைக்கு உதவாது.