பளபளப்பின் விலை: மோட்டார் கார் வர்ணம் கடந்து வந்த பாதை

மோட்டார் காரின் வரலாற்றை எழுதுவோர் இயந்திரத்தைப் பற்றியும் அதனை ஆக்கியோரைப் பற்றியுமே பெரிதும் எழுதுவர். தகட்டின் மேல் பூசப்பட்ட வர்ணத்துக்கு அங்கே ஓரிரு வரிகளே கிடைக்கும். ஆயினும், தமது காரை முதன்முறையாகத் தாமே வீட்டு முற்றத்தில் நிறுத்திப் பொலிஷ் செய்ய முனையும் ஒருவருக்கு மிகவும் உதவக்கூடியது அந்த வர்ணத்தின் வரலாறுதான். இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 இன் தொடக்கத்திலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில், இருக்கின்ற வாகனத்தைப் பேணிக் காப்பதைத் தவிரப் பலருக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆகவே இதனை வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடவும் முடியாது.

முதற்கார்கள் குதிரை வண்டிகளின் வாரிசுகள். அவற்றுக்கு வர்ணம் பூசியவர்களும் குதிரை வண்டிக்குப் பூசிய அதே கைவினைஞர்களே. எண்ணெயை அடிப்படையாகக் கொண்ட வர்ணத்தையும் வார்னிஷையும் தூரிகையால் பல படைகளாகப் பூசுவர். ஒவ்வொரு படையும் காய்ந்தபின் நுரைக்கல் தூளும் நீரும் கொண்டு தேய்த்துச் சமப்படுத்துவர். ஒரு வண்டி முழுமை பெற வாரக்கணக்கில் ஆகும். இயந்திரம் ஒரு நாளில் பூட்டப்பட்டாலும் வர்ணம் காயும்வரை வண்டி கொட்டகையிலேயே காத்திருக்கும்.

1908 இல் ஹென்றி போர்டின் ‘மொடல் ரி’ வெளிவந்தது. 1913 இல் அவரது தொழிற்சாலையில் நகரும் பொருத்துவரிசை அமைந்ததும் இந்தக் காத்திருப்பு பெருந்தடையாயிற்று. 1914 முதல் 1925 வரை அந்தக் கார் கறுப்பு நிறத்தில் மட்டுமே வந்தது. போர்டின் பிடிவாதமே அதற்குக் காரணம் என்று வேடிக்கையாகச் சொல்லப்படுவதுண்டு. ஆனால் மலிவும் நீடித்த உழைப்புமே கறுப்பை நிலைபெறச் செய்தன.

நிறங்களைத் திரும்பக் கொண்டு வந்தது வெடிமருந்துத் தொழில் என்பது இந்த வரலாற்றின் விசித்திரம். 1802 இல் வெடிமருந்து ஆலையாகத் தொடங்கிய அமெரிக்காவின் டியூபோன்ட் நிறுவனத்துக்கு நைட்ரோசெலுலோஸ் பழக்கமான பொருள். வெடிபஞ்சும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததே. முதலாம் உலகப் போர் முடிந்தபின் அந்நிறுவனத்தின் இரசாயனவியலாளர்கள் அதிலிருந்து விசிறக்கூடிய லாக்கர் ஒன்றை உருவாக்கினர். ‘டுக்கோ’ என்ற பெயரில் 1923 இல் அது வெளிவந்தது. ஜெனரல் மோட்டோர்ஸின் ஓக்லண்ட் கார்கள் 1924 ஆம் ஆண்டு மாதிரியில் அதனைப் பூசிக்கொண்டு நீல நிறத்தில் தெருவுக்கு வந்தன. வாரக்கணக்கில் காய்ந்த வர்ணம் மணிக்கணக்கில் காய்ந்தது. 1927 இல் ‘மொடல் ரி’ உற்பத்தி முடிவுக்கு வந்தது. அதே ஆண்டில் ஜெனரல் மோட்டோர்ஸ், ஹார்லி ஏர்லின் தலைமையில் கலைக்கும் நிறத்துக்குமெனத் தனிப்பிரிவொன்றை அமைத்தது.

லாக்கரில் ஒரு குறை இருந்தது. விசிறியதும் அது பளபளக்காது. உரைப்புப் பசை கொண்டு தேய்த்தால்தான் ஒளி விடும். வெயில் பட்டு நாளானால் மேற்பரப்பு மங்கிச் சுண்ணம் போலப் படரும். மீண்டும் தேய்த்தால் மங்கிய படை கழன்று புதுநிறம் தோன்றும். நம்மவர் ‘கட்டிங் பொலிஷ்’ என்று அழைக்கும் வேலையின் அடிப்படை இதுவே. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் ஓடி யாழ்ப்பாணத்தைச் சுமந்த ஒஸ்டின், மொறிஸ் கார்களும், லாக்கராயினும் எனாமலாயினும், நிறமே மேற்பரப்பாக அமைந்த வர்ணக் காலத்தவை.

1980 களில் பரவிய முறை இந்தக் கணக்கை மாற்றிவிட்டது. இன்றைய கார்களில் நிறப்படை உள்ளே இருக்கிறது. அதன்மேல் ‘கிளியர் கோட்’ எனப்படும் நிறமற்ற படை பூசப்படுகிறது. பளபளப்பும் புறஊதாக் கதிரிலிருந்து பாதுகாப்பும் இதனிடமே உள்ளன. இதன் தடிப்பு பொதுவாக 40 முதல் 50 மைக்ரோன் வரை. சராசரித் தலைமயிர் ஒன்றின் தடிப்பிலும் குறைவு. ஒவ்வொரு கட்டிங் பொலிஷும் இதில் ஒரு பங்கை நிரந்தரமாக எடுத்துச் செல்கிறது. மெழுகு பூசுவதால் அது திரும்ப வளராது.

ஆகவே முதலில் அறிய வேண்டியது, தகட்டின் மேல் இருப்பது எக்காலத்து வர்ணம் என்பதே. மறைவான ஓரிடத்தில் வெள்ளைத் துணியில் சிறிது பொலிஷ் எடுத்துத் தேய்த்துப் பார்க்கலாம். துணியில் காரின் நிறம் ஒட்டினால் மேற்பரப்பே நிறப்படை. ஒட்டாவிடில் பெரும்பாலும் மேலே இருப்பது கிளியர் கோட். பழைய வர்ணங்களில் ஈயம் கலந்த நிறமிகள் இருந்திருக்கக்கூடும். அவற்றை உலர்ந்த தாள் கொண்டு உரைத்துத் தூசியைச் சுவாசிப்பது ஆபத்து.

அடுத்தது கீறல்களைப் புரிந்துகொள்வது. வெயிலில் சூரியனின் பிம்பத்தைச் சுற்றி வட்டவட்டமாகத் தெரியும் கீற்றுகள் உண்மையில் வட்டமானவை அல்ல. பல திசைகளில் ஓடும் நுண்கீறல்களில், ஒளி வரும் திசைக்குக் குறுக்கே உள்ளவை மட்டுமே மின்னுவதால் அப்படித் தோன்றுகின்றன. மண் படிந்த துணியால் கழுவித் துடைத்ததே பெரும்பாலும் இவற்றுக்குக் காரணம். நகம் சிக்கும் அளவுக்கு ஆழமான கீறல் ஒன்று இருப்பின் அதனைப் பொலிஷால் முழுதாகப் போக்க முயல்வது மேற்படையைத் துளைப்பதில் முடியலாம்.

கழுவி, களிக்கட்டியால் ஒட்டிய அழுக்கை நீக்கி, நிழலில், குளிர்ந்த தகட்டில், ஒரு சாண் அகலத்தில் மட்டும் சோதித்துப் பார்க்க வேண்டும். மென்மையான பொலிஷில் தொடங்கி, போதாவிடில் மட்டுமே கடுமையானதற்குச் செல்வது முறை. ஒரே அச்சில் சுழலும் இயந்திரம் ஓரிடத்தில் வெப்பத்தைக் குவித்துவிடும். சுழன்றபடியே அசையும் இயந்திரம் புதியவருக்குப் பாதுகாப்பானது. ஓரங்களிலும் மடிப்புகளிலும் வர்ணம் மெலிந்திருக்கும். அங்கே ஒட்டுநாடாவால் மறைப்பது நன்று.

லாக்கர் காலத்தவர் தடித்த படையில் தாராளமாகத் தேய்த்தனர். அந்தத் தாராளம் இன்றைய காருக்குப் பொருந்தாது. சில மெல்லிய கீறல்களை அப்படியே விட்டுவைத்து, கழுவும் பழக்கத்தைத் திருத்திக்கொள்பவரின் கார்தான் பத்தாண்டுகளின் பின்பும் தன் நிறத்தோடு இருக்கும்.