போலியை ஏன் பாதுகாக்க வேண்டும்?

போன கிழமை தரம் பத்துக்கு வரலாற்று மூலாதாரங்கள் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். போலி ஆவணங்களும் இருக்கும், கவனமாகப் பார்க்க வேண்டும் என்றேன். பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன், "பொய் எண்டு தெரிஞ்சா எரிச்சிடலாம்தானே சேர்?" என்று கேட்டான். அந்த நேரம் எனக்குச் சரியான பதில் வரவில்லை. பிறகு யோசித்தபோது, அவனுக்குப் பிடித்த வீடியோ கேமிலேயே பதில் இருந்தது.

காசு போட்டு விளையாடும் ஆர்கேட் இயந்திரங்களை நம்மில் பலர் படங்களில் பார்த்திருப்போம். 1978 இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' அவற்றை உலகெங்கும் பரப்பியது. பின்னாலேயே கள்ளப் பிரதிகளும் வந்தன. அசல் இயந்திரத்தின் மின்பலகையிலிருந்த சில்லுகளை வாசித்து, மலிவான பலகையில் அப்படியே பதிந்து விற்றார்கள். பெயரைக் கொஞ்சம் மாற்றினார்கள், உரிமையாளரின் பெயரை அழித்தார்கள். இது திருட்டுத்தான். அதில் இரண்டு கருத்து இல்லை.

ஆனால் திருட்டும் நடந்த ஒரு சம்பவம்தான். கெப்கொம் நிறுவனத்தின் 'ஸ்ட்ரீட் பைட்டர் 2' விளையாட்டை யாரோ திருத்தி, 'ரெயின்போ எடிசன்' எனப்படும் கள்ளப் பதிப்பைப் பரப்பினார்கள். அதில் சண்டையின் நடுவிலேயே வீரரை மாற்றலாம், அந்தரத்தில் நின்று நெருப்புப் பந்து எறியலாம். இப்படியான பதிப்புகளுக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்த கெப்கொம், 1992 இன் கடைசியில் வேகம் கூட்டிய 'டர்போ' பதிப்பைத் தானே வெளியிட்டது. இங்கே அசலின் கதையைச் சொல்வதற்கே போலி தேவைப்படுகிறது.

சரி, அந்தப் போலிகள் இன்று எங்கே? அசலை அதன் நிறுவனமாவது பாதுகாக்கலாம். கள்ளப் பலகைக்குச் சொந்தம் கொண்டாட யாருமில்லை. செய்தவரின் பெயரும் இல்லை, பதிவேடும் இல்லை. அதன் நிரல் பெரும்பாலும் ஈப்ரொம் சில்லுகளில் மின்னூட்டமாக இருக்கிறது. காலம் போகப் போக அந்த மின்னூட்டம் கசிந்துவிடும். பழைய இரும்புக்குப் போகாமல் தப்பிய பலகையும் தானாகவே மறதிக்குள் போய்விடும்.

இங்கேதான் எமியுலேட்டர் உதவுகிறது. பழைய இயந்திரத்தைப் போல இன்றைய கணினியை நடக்க வைக்கும் மென்பொருள் அது. இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா 1997 பெப்ரவரியில் 'மேம்' என்ற எமியுலேட்டரை வெளியிட்டார். அதன் தொண்டர்கள் பழைய பலகைகளைத் தேடிப்பிடித்துச் சில்லுகளை வாசிக்கிறார்கள். மேம் தன்னோடு அந்த விளையாட்டுகளை விநியோகிப்பதில்லை. இயந்திரம் எப்படி வேலை செய்தது என்பதைத்தான் அது எழுதி வைக்கிறது.

அந்தப் பட்டியலில் கள்ளப் பிரதிகளுக்கும் இடமுண்டு. டைட்டோவின் 1986 ஆம் ஆண்டு விளையாட்டான 'பபிள் பொபிள்' பாதுகாப்புச் சில்லு ஒன்றோடு வந்தது. பிரதி செய்தவர்கள் அந்தச் சில்லு இல்லாமலே அதை ஓடவைத்து, 'பொபிள் பொபிள்' என்று பெயரிட்டார்கள். மேமில் இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன. போலிக்குப் பக்கத்தில் 'பூட்லெக்', அதாவது கள்ளப் பிரதி, என்று தெளிவாக எழுதியிருக்கிறது. அசல் பலகை கிடைக்காமல், கள்ளப் பிரதி மட்டுமே கிடைத்த விளையாட்டுகளும் அங்கே உண்டு. அவற்றை யாராவது எரித்திருந்தால் அசலின் நிழல்கூட நமக்கு மிஞ்சியிருக்காது.

நானும் சின்ன வயதில் டீவி கேம் கசெட்டில் விளையாடியவன்தான். நூற்றுக்கணக்கான கேம் என்று மேலே போட்டிருக்கும், உள்ளே ஒரே கேம் திரும்பத் திரும்ப வரும். வீடு மாறும்போது அந்தக் கசெட்டைக் குப்பையில் போட்டோம். அதைச் செய்தது யார், அதில் என்ன இருந்தது என்று இனி ஒருவராலும் பார்க்க முடியாது.

திங்கட்கிழமை அந்த மாணவனுக்கு இதைத்தான் சொல்லப்போகிறேன்: எரிக்காதே மகன். போலி என்று மேலே எழுதி, பத்திரமாக வை.

உங்கள் வீட்டு அலுமாரியில் அப்படி ஏதாவது கிடந்தால், தூக்கிப் போடும் முன் ஒரு தடவை யோசியுங்கள்.