பெயரும் குரலும்

ஒரு கலைக்குழுவின் பெயர் யாருக்கு உரியது? அதனைத் தோற்றுவித்தவர்க்கா, அப்பெயரைத் தாங்கி மேடையேறுவோர்க்கா? பிரிட்டனின் ‘ஷுகாபேப்ஸ்’ என்னும் மகளிர் பாடற்குழுவின் வரலாற்றைப் பயிலும்போதெல்லாம் இவ்வினா என் உள்ளத்தில் எழுவதுண்டு.

1998-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் ஷிவோன் டோனகி, மூட்டியா புவேனா, கீஷா புக்கானன் என்னும் மூன்று இளம்பெண்கள் இக்குழுவாக ஒன்றுசேர்ந்தனர். 2000-இல் வெளிவந்த அவர்களுடைய முதற்பாடல் ‘ஓவர்லோட்’ பிரிட்டனின் விற்பனை வரிசையில் ஆறாம் இடம் பெற்றது. ஆனால், மறு ஆண்டே ஷிவோன் விலகினார். இசைத்தட்டு நிறுவனமும் கைவிட்டது. இத்துடன் குழு மறைந்துவிடும் என்றே பலரும் எண்ணியிருப்பர்.

அவ்வாறு நிகழவில்லை. ஹைடி ரேஞ்ச் என்பவர் சேர்ந்தார். 2002-இல் ‘பிரீக் லைக் மி’ என்ற பாடல் முதலிடத்தைப் பிடித்தது. அப்பாடலின் அமைப்பு வியப்புக்குரியது. 1995-இல் அமெரிக்கப் பாடகி அடினா ஹவர்ட் பாடிய பாட்டை, 1979-இல் கேரி நியூமன் உருவாக்கிய மின்னிசையின் மேல் ஏற்றினர். பழைய இரண்டு சேர்ந்து புதிய ஒன்று பிறந்தது. பின்னர் ‘ரவுண்ட் ரவுண்ட்’, ‘புஷ் தி பட்டன்’, ‘அபவுட் யூ நவ்’ முதலியனவும் முதலிடம் பெற, அத்தகைய வெற்றிகள் மொத்தம் ஆறாயின.

இதற்கிடையே 2005-இன் இறுதியில் மூட்டியா விலக, அமெல் பெராபா வந்தார். 2009-இல் கீஷாவின் இடத்தில் ஜேட் யூவன் அமர்ந்தார். அன்றே தொடங்கியவர் ஒருவரும் இல்லாத குழுவாயிற்று. பெயர் மட்டும் எஞ்சியது. 2011-க்குப் பின் அக்குழுவும் ஓய்ந்தது.

2012-இல் முதல் மூவரும் மீண்டும் ஒன்றுகூடினர். தாம் வளர்த்த பெயரைப் பயன்படுத்தும் உரிமை அப்போது அவர்களுக்கு இல்லை. ஆகவே தத்தம் பெயர்களையே சேர்த்துக் குழுவுக்குச் சூட்டிக்கொண்டனர். பழைய பெயர் கைக்கு வந்தது 2019-இல்தான். முன்னரே பாடிவைத்த பாடல்கள் 2022-இல் ‘தி லாஸ்ட் டேப்ஸ்’ என்ற தொகுப்பாக அப்பெயரிலேயே வெளிவந்தன.

இடையில் வந்தோரின் உழைப்பைக் குறைத்துக் கூறுவது முறையன்று. ஆறு வெற்றிகளும் ஹைடி இருந்த காலத்தவை என்பதை மறத்தலாகாது. எனினும், பெயர் என்பது சட்டத்தின் கண்ணுக்கு உடைமை. கலைஞருக்கோ அது தம் இளமையின் உழைப்பு. அவ்வுழைப்பு உரியவரிடம் திரும்ப இருபது ஆண்டுகள் சென்றன. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் இளங்கலைஞர் ஒவ்வொருவரும் இதனை எண்ணிப்பார்த்தல் நலம்.